காசுக்கு மேலேயே இருக்கு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான், என் மனைவி, பெரியவள், சின்னவள் நாலு பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? ஒரு கம்பெனிக்கே சமைத்துப் போடுகிறவளிடம் உப்பைக் குறை என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. இருந்தாலும் குறை.

என் சாப்பாட்டு வண்டி நிற்கிற பஸ் டெப்போ வாசல் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக என் ஜன்னலுக்குத்தான் வருவார்கள். இப்போது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பசித்தவன் சுற்றுவானா? வருகிற நாலு பேரும் விலைப் பலகையைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறார்கள். நேற்று ஒருவர், "நின்னுக்கிட்டே சாப்பிடறதுக்கு இவ்வளவா? இந்தக் காசுக்கு ஹோட்டல்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து சாப்பிடலாமே" என்றார். "ஹோட்டல்ல ரெண்டாவது தடவை சோறு கேட்டுப் பாருங்க, ஃபேனை நிறுத்திடுவாங்க" என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்குத்தான் தெரியுமே, மாணவர் விடுதியில் சமைத்த கை இது. போதும் என்று சொல்லும்வரை போட்டுப் பழகிவிட்டது. விடுதியை அவர்கள் மூடிவிட, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு இந்த வேனை எடுத்தபோது பழக்கத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விலையை ஏற்றினால் அந்த நாலு பேரும் வரமாட்டார்கள். சோற்றைக் குறைக்கலாம் என்றால் கரண்டி கையில் நிற்க மாட்டேன் என்கிறது.

டயர் கடைக்காரர் ஒரு செய்தி சொன்னார். உன் ஷூ கம்பெனி வளாகத்துக்குள் ஒரு சாப்பாட்டு வண்டியை நிறுத்தப் போகிறார்களாம், ஆள் தேடுகிறார்களாம். உண்மையா? அக்கா, இது நடக்காவிட்டால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. விற்றுவிட்டு நான் என்ன செய்வேன்? உனக்காவது தெரிந்தால் சொல்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உடம்பு பரவாயில்லை, மாத்திரை தவறாமல் போடுகிறேன். பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு வீட்டுக்கு அடிச்சோறு கொண்டுபோகிற வேலையை நீயும் செய்யாதே.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் இந்த இடம் உனக்குச் சரிப்படாது. வளாகத்தில் தரை ஒரு பக்கம் சரிவு, அண்டாவில் குழம்பு நிற்காது. இங்கே வேலை செய்கிறவர்கள் கையை இறுக்கிப் பிடிப்பவர்கள், எதற்கெடுத்தாலும் குறை சொல்வார்கள். என் சாப்பாட்டையே சொல்கிறார்கள், நீ எந்த மூலைக்கு? தவிர, இங்கே வேலையில் இருப்பவர்களின் சொந்தக்காரர் வண்டி வைக்கக் கூடாது என்று விதி. கேன்டீன் இருக்கிற இடத்துக்கு வண்டி எதற்கு என்றும் எனக்கு விளங்கவில்லை. ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் உனக்கு எதற்கு?

வேறு தெரு பார். ஆஸ்பத்திரி வாசல், கோர்ட் வாசல் என்று ஊரில் இடமா இல்லை?

அவளைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ பயப்படுவாய். நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். நீ மாத்திரை போடுவது கேட்டு நிம்மதி.

ஆஸ்பத்திரி வாசலில் ஏற்கெனவே மூன்று வண்டி நிற்கிறது. கோர்ட் வாசலில் என்னை நிற்க விடவில்லை. ஒரு வாரமாக அண்டாவில் மிஞ்சியதைத்தான் வீட்டில் சாப்பிடுகிறோம். சின்னவள், "அப்பா, நம்ம வண்டில நாமளே எல்லாத்தையும் சாப்பிட்டா யாரு காசு குடுப்பா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள் அக்கா. எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். சொந்தக்காரர் யாராவது உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். உன்னை இல்லை என்று எழுதும்போது கை கூசியது. சரிவுக்கு டயருக்கு அடியில் கட்டை கொடுத்துக்கொள்கிறேன். கேன்டீன் பாட்டுக்குக் கேன்டீன் இருக்கட்டும், வண்டி பாட்டுக்கு வண்டி இருக்கட்டும். அத்தனை பேருக்கு இரண்டும் வேண்டும்தானே?

மூன்று வண்டிகளுக்கு ஆளுக்கொரு நாள் சோதனையாம். நான்தான் கடைசி. அங்கே எப்படிப் பரிமாற வேண்டும், எவ்வளவு போட வேண்டும், உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? எழுது அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

முதல் வண்டி வந்து போய்விட்டது. குழம்பு புளித்திருந்தது. இரண்டாவது வண்டி மதியச் சாப்பாட்டுக்கு மாலையில் வந்து சேர்ந்தது. இனி நீ ஒருவன்தான். மேலாளர் ஒவ்வொரு வண்டிச் சாப்பாட்டையும் என்னைத்தான் சாப்பிடச் சொல்லி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்கிறார். இத்தனை வருஷம் சமைத்தவளுக்குத் தெரியாதா என்பது அவர் எண்ணம்.

கேட்டாய், சொல்கிறேன். சோறு குழையாமல் வடி. காய் ஒன்று, குழம்பு ஒன்று, ஆளுக்கொரு முட்டை போதும். முதலில் ஒரு கரண்டி மட்டும் வை. சாப்பிட்டு முடித்துத் திரும்ப வந்தால் இன்னொரு கரண்டி. உன் விடுதிப் பழக்கத்தை விடாதே, அதுதான் உனக்குப் பெயர் வாங்கித் தரும். ஒவ்வொருவரிடமும் போதுமா என்று கேட்டு, முகம் பார்த்துப் போடு. அவசரப்படாதே. இங்கே யாருக்கும் அவசரமில்லை.

நான் வரிசையில் வருவேன். என்னைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே. என் கூட வேலை செய்கிற ஆறு பெண்களும் வருவார்கள். அவர்கள் உன் வண்டியைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்த்து ஓட்டிக்கொண்டு வா.

அக்கா


மே 6

என் தங்கமான அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! அவள் நலம், பிள்ளைகள் நலம், வண்டி நலம்! வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக எழுதுகிறேன்.

நீ ஒன்றை எழுத மறந்துவிட்டாய். காலையில் கேட்டைத் திறக்கும்போதே வாட்ச்மேன், "அரை மணி நேரம்தான் இடைவேளை, அதுலயும் கையில இருக்கிற பசையைக் கழுவவே பத்து நிமிஷம் போயிடும்" என்றார். ஒரு கரண்டி வைத்து, மறுபடி வரச்சொல்லி, போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பேர் பட்டினியாக உள்ளே போயிருப்பார்கள். அவள்தான் யோசனை சொன்னாள். "மறுசோறையும் சேர்த்து முதல்லயே வச்சுடுங்க. மணி அடிக்கிறதுக்குள்ள தட்டை அடுக்கிடலாம்" என்றாள். அப்படியே செய்தோம். ஜன்னலில் நான், பின்கதவில் அவள். வரிசை ஓடியது! தட்டைப் பார்த்து ஒவ்வொருவன் கண்ணும் விரிந்ததை நீயும் பார்த்திருப்பாயே. ஒருவர் தட்டைத் தூக்கிப் பிடித்துப் படம்கூட எடுத்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் மேலாளரின் ஆள்.

நீ ஜன்னலுக்கு வந்தபோது, "இன்னும் கொஞ்சம் போடவாக்கா?" என்றேன். எல்லாப் பெண்களையும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் வாங்கிக்கொண்டு போனாய். என்ன நடிப்பு!

மேலாளர் எல்லோர் முன்னாலும், "காசுக்குத் தகுமா?" என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய், மறுபடி மென்றாய். பிறகு, "காசுக்கு மேலேயே இருக்கு" என்றாய். அந்த வார்த்தை என் வீட்டில் அடுப்பு எரிய வைத்துவிட்டது அக்கா. ஒரு வருஷ ஒப்பந்தம்! அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் உன் ஊருக்கே குடிவருகிறோம். இனிக் கடிதம் எதற்கு, தினம் பார்க்கலாம்.

சந்தோஷத்தில் கையெழுத்துக் கோணிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்.

தம்பி


மே 30

அன்புத் தம்பிக்கு,

எல்லாம் நல்லபடியாக நடந்தது கேட்டு மகிழ்ச்சி. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மருமகன் எழுதியிருக்கிறார். கொஞ்ச நாள் அவர்களோடு போய் இருக்கப் போகிறேன். நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். தேட வேண்டாம். தண்ணீர் நன்றாக இருக்கும் வீடாகப் பார்த்துப் பிடியுங்கள்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்?

உன் ஊருக்கு வந்துவிட்டோம். உன் வீட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் நாள் வேலை முடிந்ததும் கேன்டீனை எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். உள்ளே ஷூ பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அடுப்பு இருந்த மேடையைக் காணோம். வாட்ச்மேனிடம் கேட்டேன். "வண்டி வந்ததும் கேன்டீனை மூடிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா? வண்டிச் சாப்பாடு நல்லாருந்தா மூடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்களே. அந்த அம்மாவும் ஆறு பொண்ணுங்களும் போயிட்டாங்க" என்றார். என்னிடமே சொல்கிறார், அந்த அம்மா என்று.

எனக்கு எதுவும் ஓடவில்லை. அன்று இரண்டு தட்டைக் கீழே போட்டு உடைத்தேன். ஏன் சொல்லவில்லை? ஒரு வரி எழுதியிருந்தால் வந்திருப்பேனா? உன் அடுப்பை அணைத்துவிட்டு என் அடுப்பைப் பற்ற வைக்கிற அளவுக்கா நான் போய்விட்டேன்? எனக்குத் தெரியாமலே என்னை அப்படி ஆக்கிவிட்டாயே.

திட்டியாவது எழுது.

தம்பி


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மகள் தேறிவிட்டாளா? நீ மாத்திரை போடுகிறாயா?

இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தொழில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஒப்பந்தத்தில் சோதனை நாளன்று போட்ட அளவு குறையக் கூடாது, விலை ஏறக் கூடாது என்று இருக்கிறது. அன்று எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொருவனும் தட்டை வாங்கியதும் படத்தோடு வைத்துப் பார்க்கிறான். "படத்துல குழம்பு விளிம்பு வரைக்கும் இருக்கே, இதுல இல்லையே?" என்கிறான். அது மறுசோறும் சேர்த்து வைத்த தட்டு, ஒரு நாள் கூத்துக்கு வைத்தது என்று யாரிடம் சொல்வேன்? நான்தானே வைத்தேன்.

போடுகிற ஒவ்வொரு தட்டும் கையைக் கடிக்கிறது. கூட்டம் சேரச் சேர அதிகமாகக் கடிக்கிறது. பஸ் டெப்போ வாசலில் ஆள் வரவில்லையே என்று அழுதேன், இங்கே வருகிறார்களே என்று அழுகிறேன். அதிலும் பாதிப் பேரால் சாப்பிட முடிவதில்லை. மீதியைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அப்படியானால் குறைத்து வைக்கலாமே என்றால், காசு கொடுக்கிறோம் என்கிறார்கள். இதைப்போல மலிவான சாப்பாடு எங்கேயும் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அபராதம். நடுவில் விட்டால் கட்டிய முன்பணம் போச்சு. அதற்கு எதை விற்றேன் என்பதை நீ கேட்காதே.

இன்னொரு செய்தி. அவசரத்தில் கொதிக்கிற குழம்பு அவள் வலது கையில் கொட்டிவிட்டது. மணிக்கட்டு முழுக்கக் கொப்புளம். பெரியவள் காய் நறுக்குகிறாள். இரண்டு நாளாய்ப் பள்ளிக்குப் போகவில்லை.

என்ன செய்யட்டும்? சொல் அக்கா. கழுத்துக்கு மேலே போய்விட்டது.

தம்பி


ஜூலை 21

அக்கா,

இன்று மணி அடித்தது. எல்லோரும் கையைக் கழுவ ஓடினார்கள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் புத்தியில் பட்டது.

அந்த மணி தினமும் அடிக்கிற மணி. உன் அடுப்பு இருந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அரை மணி நேரம் என்பதை நீ மறந்திருக்க முடியாது. அவசரப்படாதே, இங்கே யாருக்கும் அவசரமில்லை என்று எழுதியவள் நீ. முகம் பார்த்துப் போடு என்று எழுதியவளும் நீ.

இல்லை என்று ஒரு வரி எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், அவள் கை ஆறியதா? மகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எப்போதும் நன்றாகத்தான் இருந்தாள். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

மறக்கவில்லை. தெரிந்துதான் எழுதினேன். வரிசை நகரக் கூடாது, பாதிப் பேர் பசியோடு உள்ளே போக வேண்டும், உன் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும் என்று எழுதினேன். நீதான் கடைசி வண்டி. நீ தோற்றால் கேன்டீன் நிலைக்கும். அந்த ஆறு பேரில் நாலு பேர் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் அந்த அடுப்பை விட்டால் எதுவும் கிடையாது. சொல்லியிருக்கலாமே என்கிறாய். சொன்னால் வரமாட்டாய். வராமல் உன் பிள்ளைகள் மிச்சச்சோறு சாப்பிடுவார்கள், அதற்கு நான் காரணமாவேன். சொல்லாமல் உன்னைத் தோற்க வைத்தால் பழி உன் கைக்குப் போகும், என் மேல் வராது. என் புத்தி அப்படிப் போயிற்று. இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது.

மேலாளர் கேட்டபோது, தகாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயில் உன் சோறு இருந்தது. மற்றவர்களுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டே வழித்துத் தின்றே பழகியவள் நான். யாரோ ஒருத்திக்குக் கேட்கிற மாதிரி, இன்னும் கொஞ்சம் போடவாக்கா என்று கேட்டாய். அந்தச் சோற்றை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. காசுக்கு மேலே இருந்தது, உள்ளதைத்தான் சொன்னேன். காசுக்கு மேலே ஆகிற அந்தச் செலவைக் கேன்டீனில் கம்பெனி போட்டது. வண்டியில் நீ போடுகிறாய். எல்லோரும் தட்டைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன்னைக் கவிழ்க்கப் பார்த்தும் கெடுத்தேன், புகழ்ந்தும் கெடுத்தேன்.

உன் வண்டிக்கு வேலைக்கு வருகிறேன். கூலி வேண்டாம், படுக்க இடம்கூட வேண்டாம், என் வீடு இருக்கிறது. வராதே என்றால் வரவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 18

அக்கா,

அவள் கை இன்னும் ஆறவில்லை. தோல் உரிகிறது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு, "அவங்களை வர வேண்டாம்னு எழுதிடுங்க" என்றாள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கும் என்றும் தோன்றவில்லை. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தெருவில் நின்று சட்டையைப் பிடித்திருப்பேன்.

ஆனால் இன்று காலை பெரியவள் சீருடை போட்டுக்கொண்டு வந்து, அதன் மேலேயே துணியைக் கட்டிக்கொண்டு காய் நறுக்கினாள். நறுக்கி முடிக்கும்போது பள்ளி தொடங்கிவிட்டிருந்தது. சீருடையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கிறது. எப்படித் தாண்டுவேன் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. வா. என்னோடு பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழாதே, வேலை கெடும். காய் நறுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

காலை ஐந்து மணிக்கு வண்டி கேட்டுக்குள் போய்விடும். ஜன்னல் பக்கம் வந்து நிற்காதே. பின்கதவுப் படி உயரம், பார்த்து ஏறு.

தம்பி